நாளையை நினையாதவர் யார்?

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்தில் நாம் அமர்ந்திருந்த பந்தியில் பேச்சு பழவேற்காட்டுப் பக்கம் திரும்பிற்று. இறால் வாங்கி விற்கும் அன்பர் ஒருவர் உண்டுகொண்டே சொன்னார்: "மீன்பிடிக்கிறவனுக்கு நாளை என்ற நினைப்பே கிடையாது, ஹஜ்ரத். இன்று ஆயிரம் கிடைத்தால் இன்றே செலவு. வயதான பிறகு கையேந்தி நிற்பான். அப்போது ஊரையும் அரசாங்கத்தையும் குறை சொல்வான்." பந்தியில் இருந்தவர்கள் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். விருந்து வீட்டில் வாதம் எதற்கு என்று நாமும் வாய் மூடி இருந்துவிட்டோம். அந்த மௌனம் பல நாள்கள் நம்மை உறுத்திற்று. அதற்குரிய கஃப்பாராவாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உழைப்பவன் தன் முதுமையை எண்ணும்போது அவன் மனத்தில் எழும் துணிவோ அச்சமோ அவனுடைய குணத்திலிருந்து பிறப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். சிக்கனக்காரன் சேர்க்கிறான், ஊதாரி அழிக்கிறான். அவ்வளவுதான் நம் கணக்கு. இக்கணக்கு தவறு என்பதே நம் வாதம். முதுமையைக் குறித்த நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருகிறது. வருமானம் ஒழுங்காக வருகிறதா? உழைப்பால் பயன்பெறுகிறவன் அந்த உழைப்பாளியின் பிற்காலத்துக்காக ஏதேனும் ஒதுக்குகிறானா? சேர்த்ததை நம்பி வைப்பதற்கு ஓர் இடம் உண்டா? ஊரிலுள்ள முதியவர்கள் அவன் கண் முன்னே எப்படி வாழ்கிறார்கள்? இந்நான்கும் வாய்த்தவனுக்குச் சேமிக்கும் குணம் தானாக வரும். நான்கும் வாய்க்காதவனுக்கு எத்தனை அறிவுரை சொன்னாலும் அது காற்றில் போகும்.

பழவேற்காடு நம் வாசகர்களில் பலர் அறிந்த ஊர். நம் முன்னோர் கடல் வாணிகம் செய்த பழைய துறைமுகங்களுள் ஒன்று. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியதும் இங்கேதான். கோட்டை இன்று மண்மேடாகிவிட்டது, பள்ளிவாசல்கள் நிற்கின்றன. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காட்டு ஏரியே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் வாழ்கிறவர்களுக்கு இறாலும் நண்டும் மடவையுமே பிழைப்பு.

அக்குப்பங்களில் ஒன்றில், வேப்பமர நிழலில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நாம் பேச்சுக் கொடுத்தோம்.

"பெரியவரே, தொழிலுக்குப் போவதை எப்போது நிறுத்தினீர்கள்?"

"நான் எங்க பாய் நிறுத்துனேன்? கை நிறுத்திடுச்சு."

"அதற்கு முன்பு பிற்காலத்துக்கென்று எதுவும் சேர்த்து வைக்கவில்லையா?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சேர்க்காமயா? மூணு புள்ளைங்க. ஒரு படகு. ரெண்டு வகை வலை. பொண்டாட்டி காதுல கழுத்துல கொஞ்சம். அதுக்கு மேல, ஏரி இருக்குதுன்னு நெனச்சேன்."

வாசகர்களே, இந்த விடையைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நாளையை நினையாத மனிதனின் பேச்சா இது? ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்று ஐந்து இடங்களில் தம் முதுமைக்கு முட்டுக் கொடுத்து வைத்தவர் அவர். நம்மில் மாதச் சம்பளம் வாங்குகிற எத்தனை பேர் ஐந்து இடங்களில் வைத்திருக்கிறோம்? அவர் நினைக்கவில்லை என்பது பொய். அவர் வைத்த முட்டுகள் ஒவ்வொன்றாய் எப்படிச் சரிந்தன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அவ்வழியே உள்ளே வந்தால்தான் ஏரியில் விளைச்சல். மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் ஏரி வற்றி உப்பேறிக் கிடக்கும். தங்கள் கைக்காசைப் போட்டு மணலை வாரி வாயைத் திறந்து பார்த்தவர்கள் அம்மீனவர்கள். தூண்டில் வளைவு கட்டி முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் கோரிய பிறகே அரசு அப்பணியைக் கையில் எடுத்தது. தெற்கே 1994-இல் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது; 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது; அதன் பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது; அதை விரிவுபடுத்தும் திட்டத்தை எதிர்த்துக் குப்பத்து மக்கள் போராடினார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாள்களில் அக்கடற்பகுதிக்குப் போகக்கூடாது. நாட்டுக்கு மின்சாரமும் துறைமுகமும் விண்வெளி ஆய்வும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவற்றின் விலையில் ஒரு பகுதியை ஒரு கிழவனின் முதுமையிலிருந்து எடுத்துவிட்டு, அவனையே ஊதாரி என்று ஏசாதீர்கள் என்கிறோம்.

வங்கியில் பணம் போட்டவருக்கு ஒரு காப்பு உண்டு. வங்கி முறிந்தாலும் வைப்புத்தொகையில் ஒரு பகுதிக்குக் காப்பீடு இருக்கிறது. அந்த வரம்பு 2020-இல் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஏரியில் தன் நாளையைப் போட்டு வைத்தவனுக்கு யார் காப்பீடு செய்தார்? ஏரி முறிந்தால் எந்த அலுவலகத்தில் போய் விண்ணப்பம் கொடுப்பான்?

அடுத்தது படகும் வலையும். இவை நிலம் போலக் கிடந்து விலையேறும் சொத்துகள் அல்ல. உப்புநீர் நாள்தோறும் தின்னும் சொத்துகள். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கடற்கரையில் எத்தனை பேருடைய வாழ்நாள் சேமிப்பை ஒரு காலைப் பொழுதில் வாரிப் போயிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் சேமிக்காதவர்கள் அல்லர்; சேமிப்பைப் படகாக வைத்திருந்தவர்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன்பாடு குறைந்த பின் இளைஞர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வெளியே போகிறார்கள். தன் வயிற்றுக்கே திண்டாடும் மகனிடம் தந்தை எதைக் கேட்பான்? பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தரும் சட்டம் 2007-இல் வந்தது உண்மையே. ஆனால் எந்தத் தகப்பன் பெற்ற மகனைத் தீர்ப்பாயத்தின் படியேற்றுவான்? ஏற்றினாலும் இல்லாதவனிடமிருந்து எதைப் பெற்றுத்தர முடியும்?

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நல்ல இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். வலுத்தவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமல் எல்லாருக்கும் முறை வருகிறது. எழுதாத காப்பீடு என்று அதைச் சொல்லலாம். நாளையை நினையாதவர்களா இப்படி ஒரு ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தார்கள்? குறை இல்லாத ஏற்பாடு என்று நாம் சொல்ல மாட்டோம். பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு உரிய அந்த முறையில் பெண்களுக்கும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் இடமில்லை. அன்றியும், முறையை அது பகிர்ந்து கொடுக்கலாம். ஏரியில் இல்லாத மீனை எப்படிப் பகிர்ந்து கொடுக்கும்?

இனி, நம் விருந்து மேசை அன்பருக்குச் சற்றுக் கசக்கும் பகுதிக்கு வருவோம். மீனவன் படகு வாங்கவும் எஞ்சின் பழுது பார்க்கவும் வலை வாங்கவும் பணம் வேண்டும். வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, பிடிப்பதை எல்லாம் அவரிடமே போட வேண்டும். அவர் சொன்னதே விலை. நம்மவர்களும் இவ்வியாபாரத்தில் இருக்கிறார்கள். "நாங்கள் வட்டி வாங்குவதில்லை" என்று அவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். வட்டி வாங்குவதில்லை, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையில் குறைத்துக்கொள்கிறார்கள். கடன் கொடுத்தவன் அக்கடனைக் காரணமாகக் கொண்டு அடையும் ஆதாயத்தை நம் ஃபிக்ஹு மேதைகள் எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பது மதரஸாவின் கீழ் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். முன்வாசலில் விரட்டிய ரிபாவைப் பின்வாசலில் விரிப்புப் போட்டு உட்கார வைப்பது என்ன மார்க்கப் பேணுதல்?

இந்த முன்பணம் முதுமையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிடுகிறது. முன்பணம் வலுவான தோளுக்குத்தான் கிடைக்கும். தோள் தளர்ந்தவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆகவே மீனவன் மனத்தில் 'தயார்' என்ற சொல்லுக்குப் பொருள் வங்கியில் இருப்பு அன்று. 'இன்னும் எனக்குக் கடன் கொடுக்கிறார்கள்' என்பதே பொருள். கடன் நின்ற நாளில் அவன் கிழவனாகிறான். கிடைத்த ஆயிரத்தை அவன் அன்றே செலவழித்தான் என்று அன்பர் சொன்னாரே, அந்த ஆயிரத்தில் எவ்வளவு அன்பருடைய கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

குடியைப் பற்றிச் சொல்வார்கள். உண்டு, மறுக்கவில்லை. அது எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் குடியைத் தொடாதவனும் அதே குப்பத்தில் அதே வறுமையில்தானே முதுமை எய்துகிறான்? அப்படியானால் நோயின் வேர் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேரைப் பார்ப்போம். ஓர் ஆலைத் தொழிலாளியின் முதுமைக்கு 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் ஓர் ஏற்பாடு செய்தது. அவன் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 விழுக்காடு போடுகிறார். அத்தொழிலாளி பிறவியிலேயே சிக்கனக்காரனா? இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். அவன் போட்டதற்குச் சமமாக இன்னொருவர் போடுகிறார். அவனுடைய துணிவு அங்கிருந்து வருகிறது. மீனவனுக்கு முதலாளி யார்? அவன் பிடித்த இறால் கடல் கடந்து போகிறது. கரையில் வாங்கியவர், பனிக்கட்டியில் வைத்தவர், பதப்படுத்தியவர், கப்பலேற்றியவர் எல்லாரும் பயன் பெறுகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அவனுக்கு முதலாளி இல்லை.

கேரள அரசு இதை உணர்ந்து 1985-இல் மீனவர் நலநிதிச் சட்டம் கொண்டுவந்தது. மீன் வாணிகம் செய்கிறவர்களும் விற்பனையில் ஒரு பங்கை அந்நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. ஏற்றுமதியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் உச்சநீதிமன்றம், ஏற்றுமதியாளருக்கும் மீனவருக்கும் இடையே முதலாளி–தொழிலாளி உறவு இல்லை. ஆகையால் அச்சுமையை அவர்மேல் ஏற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்து அவ்வாறு இருக்கலாம். தீர்ப்பை நாம் விமர்சிக்க வரவில்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்ட இடத்தில் அறம் ஒன்று இருக்கிறதல்லவா? ஒருவனுடைய இளமையை விலைக்கு வாங்கித் தின்றவனுக்கு அவன் முதுமையின்மீது ஒரு கடமையும் இல்லை என்று எந்த மார்க்கம் சொல்கிறது?

நம் மாநிலத்தில் மீனவர் நலவாரியத்துக்குரிய சட்டம் 2007-இல் வந்தது. கேரளத்துக்கு 22 ஆண்டுகள் பின்னால். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக்கப்பட்டது. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்காக நடுவண் அரசு தரும் பங்கு பல்லாண்டு காலம் வெறும் 200 ரூபாயாகவே நின்றது. வலை இழுப்பவன் ஐம்பதைத் தாண்டியதுமே தோள் தளர்கிறான். உதவித்தொகையோ 60 வயதுக்கு மேல். இடையிலுள்ள பத்தாண்டுகளை எதை உண்டு கடப்பது என்பதை எந்த விதியும் சொல்லவில்லை.

2019-இல் நடுவண் அரசு அமைப்புசாராத் தொழிலாளருக்கு 'ஷ்ரம் யோகி மான்தன்' என்ற ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாய். அரசும் அதே அளவு செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் வரும். அரசும் சமபங்கு போடுகிறது என்பது நல்ல அம்சமே; சேரக் கூடியவர்கள் சேரட்டும். ஆயினும் கணக்கைப் பாருங்கள். 18 வயதில் சேர்ந்தவன் 3,000 ரூபாயைக் கண்ணால் காண 42 ஆண்டுகள் ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்த 3,000 ரூபாய்க்கு அவன் சேர்ந்த நாளின் மதிப்பு ஏறத்தாழ 260 ரூபாய்தான். 40 வயதில் சேர்ந்தவனுக்கு ஏறத்தாழ 935 ரூபாய். 40 வயதைக் கடந்தவனுக்குக் கதவே இல்லை. தவணை தவறாமல் கட்ட வேண்டும்; ஏரியோ தவணை தவறாமல் கொடுப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மீனவன் இக்கணக்கைப் போடவில்லை என்பது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விலையும் வலை விலையும் எப்படி ஏறின என்பதைக் கண்டவன் அவன். அவனுடைய தயக்கத்தை அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள்.

அவன் சேமிக்கவே மாட்டான் என்பதற்கு மறுப்பு அவன் கரையிலேயே இருக்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் தம் பங்காக 1,500 ரூபாய் செலுத்துவார். நடுவண் அரசும் மாநில அரசும் சேர்ந்து 3,000 ரூபாய் போடும். மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பிவரும். கடற்கரை எங்கும் மக்கள் இதில் சேர்ந்தார்கள். காரணம் எளிது. போட்ட பணம் அதே ஆண்டில் கண்ணெதிரே திரும்பி வருகிறது. இன்னொருவரும் பங்கு போடுகிறார். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரன் வாங்கியதைப் பார்த்திருக்கிறான். அறிவுரைக் கூட்டம் ஒன்றும் அங்கே தேவைப்படவில்லை.

முஸ்லிம் உலகிலும் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. மலாயாவின் கிராமத்து உழவர்கள் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய்வந்து, வந்தபின் வறுமையில் விழுந்தார்கள். வட்டி கலக்கும் என்ற அச்சத்தால் வங்கிப் பக்கம் அவர்கள் போகவில்லை. அவர்களையும் அன்று நாளை நினைப்பற்றவர்கள் என்றே சொல்லியிருப்பார்கள். பொருளியல் பேராசிரியர் உங்கு அஸீஸ் 1959-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஹஜ்ஜுக்குப் போக விரும்புகிறவர்களின் பணத்தை வட்டியற்ற வழியில் சேர்த்துப் பெருக்கித் தர ஒரு நிறுவனம் வேண்டும் என்பது. 1963-இல் அது செயலுக்கு வந்தது. இன்று 'தாபோங் ஹாஜி' என்று உலகறிந்த அமைப்பு அதுவே. அதே ஏழைகள் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மக்கள் குணம் ஒரே நாளில் மாறிவிட்டதா? இல்லை. நம்பி ஊற்றுவதற்கு ஒரு பாத்திரம் கிடைத்தது.

இனி, மீனவரை விட்டு நம் வீட்டுக்குள் வருவோம். "எனக்கென்ன குறை? மகன் துபாயில் இருக்கிறான்" என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் நம் பெரியவர்களுக்கும் அந்தக் கிழவருக்கும் என்ன வேறுபாடு? அவர் மகனுடைய தோளை நம்பினார்; நாமும் மகனுடைய விசாவை நம்புகிறோம். அவருடைய ஏரி வற்றியது போல நம் வளைகுடாவும் ஒரு நாள் வற்றலாம். சேர்த்ததை எல்லாம் மகள் திருமணத்தில் கைக்கூலியாகவும் விருந்தாகவும் கொட்டிவிட்டு, மீனவனை ஊதாரி என்று அதே விருந்துப் பந்தியில் அமர்ந்து பேசுகிற துணிச்சல் நமக்கு எப்படி வந்தது?

பழவேற்காட்டில் நம் சமுதாயப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். கண் தேயத் தேயப் பின்னுகிறார்கள். கண் மங்கிய பின் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நம் மக்தபுகளில் நாற்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்த உஸ்தாதுமார்களுக்கு ஜமாஅத்துகள் கடைசியில் கொடுப்பது என்ன? ஒரு சால்வையும் ஒரு துஆவும். நாமும் அவ்வரிசையில் நிற்பவர்களே. அதனால்தான் அந்த முதியவர் வலை தைத்த கை நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இவ்வாறு பேசும்போது, "ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது, தவக்கல் வையுங்கள்" என்று சிலர் வாயடைப்பார்கள். தவக்கல் சத்தியம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்த நாட்டுப்புற அரபிக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன வழி காட்டினார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஓதுகிறோம். ஏழாண்டு விளைச்சலுக்குப் பின் ஏழாண்டுப் பஞ்சம் வரும் என்று அறிந்ததும் அவர்கள், "ஆளுக்கொரு குதிர் கட்டிக்கொள்ளுங்கள், கட்டாதவன் பட்டினி கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. நாட்டின் களஞ்சியப் பொறுப்பையே கேட்டு வாங்கித் தம் தோளில் ஏற்றார்கள். பஞ்சத்துக்கு முன்னேற்பாடு செய்வது தனிமனிதன் குணத்துக்கு விடப்படும் காரியமன்று. பொறுப்பில் இருப்பவர்களின் கடமை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இமாம் அபூயூஸுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பார்வையற்ற முதியவர் ஒருவர் வீட்டு வாசலில் யாசிப்பதைக் கண்டார்கள். அவர் யூதர். காரணம் கேட்டபோது முதுமையும் தேவையும் வரிச்சுமையும் என்றார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். அவர் மீதும் அவரைப் போன்றோர் மீதும் இருந்த வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் செய்தார்கள். இளமையில் அவரிடம் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அம்மாமனிதர் கண்ட நியாயம். "நீ ஏன் சேமிக்கவில்லை?" என்று அவர்கள் கேட்கவில்லை என்பதை விருந்து மேசை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே நம் சமுதாயத்திடம் நாம் கேட்பவை இவை.

வியாபாரிகள் கடனையும் விலையையும் பிரிக்கட்டும். கொடுக்கும் கடன் கர்ளு ஹஸனாக இருக்கட்டும். வாங்கும் இறாலுக்குச் சந்தை விலை கிடைக்கட்டும். வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு தொகையைப் பிடித்தவன் பெயரிலேயே சேர்த்து வைக்கட்டும். நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே மனமுவந்து செய்தால் நன்மை இரட்டிப்பு.

ஜமாஅத்துகள் தம் பைத்துல்மாலில் முதியோர்க்கென்று ஒரு தனிக் கணக்குத் திறக்கட்டும். ஓலை பின்னும் பெண்களும் மக்தபு உஸ்தாதுகளும் அதில் முதலில் வரட்டும். குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தாரோடு அமர்ந்து, மதம் பாராமல், கை ஓய்ந்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கட்டும். ஜக்காத்தின் சட்டம் வேறு. அதை உலமாக்கள் அறிவார்கள். ஸதகாவுக்கு அந்த வேலி கிடையாது. நலவாரியத்துக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாததால் இழப்பவர்கள் இழக்காமல் இருப்பார்கள்.

அரசிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு. வலை இழுப்பவனுக்கு 60 வயது என்ற எல்லை பொருந்தாது. விலைவாசியோடு ஏறாத ஓய்வூதியம் ஓய்வூதியமே அன்று. தவணைக் கெடுவை விட்டு மீன் கிடைக்கும் பருவத்தில் கட்டும் வசதி வேண்டும். ஏரியைக் காப்பாற்றுவது பறவைகளுக்காக மட்டுமல்ல. கரையிலுள்ளவர்களின் ஓய்வூதிய நிதி அதுதான் என்று எண்ணிக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் சொன்ன நான்கில் கடைசியானது நம் கையில் இருப்பது. பதினெட்டு வயது இளைஞன் தன் நாளையை எந்தத் திட்ட அறிக்கையிலும் படிப்பதில்லை. தன் தெருவில் இருக்கும் கிழவரின் முகத்தில் படிக்கிறான். அக்கிழவர் மானத்தோடு உண்பதைக் கண்டால், முதுமைக்குச் சேர்த்து வைப்பதில் பொருள் உண்டு என்று அவனுக்குத் தோன்றும். அவர் கையேந்தி நிற்பதைக் கண்டால், சேர்த்தும் இதுதான் கதி என்றால் இன்றே செலவழித்தால் என்ன என்று தோன்றும். அன்பர் பந்தியில் குறை சொன்னாரே, அந்தச் செலவாளியை உண்டாக்கியது எது என்று இப்போது விளங்கும்.

நாம் விடைபெற்று எழுந்தபோது அந்த முதியவர் தைத்து முடித்த வலையை உதறி மடித்து வைத்தார். அது அவருடைய வலையன்று, கூலிக்குத் தைத்தது. நாளையை நினையாதவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டு திரும்பினோம். அடுத்த விருந்துப் பந்தியில் இப்பேச்சு எழுந்தால் நாம் வாய் மூடி இருக்க மாட்டோம். வாசகர்களும் இருக்கலாகாது.